காறை எலும்பும் மாமாவின் ஜிப்பாவும்

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காறை எலும்பு என்று ஒன்று உடம்பில் இருப்பது அது ஒடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒடிந்துவிட்டாலோ, வேறெதுவும் உடம்பில் இல்லை என்று ஆகிவிடும். தும்மினால் அது, சிரித்தால் அது, செருப்பு மாட்டக் குனிந்தாலும் அதுதான்.

எனக்கு ஒடிந்தது எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேருவதற்கு முந்தின வருஷம். பூதப்பாண்டி ரோட்டில் சைக்கிளில் போகும்போது, தலைமுடியைக் கோதுவதற்காக இரண்டு கையையும் விட்டேன். (ஒரு கை போதும்தான். ஆனால் எதிரே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.) முடி அழகாகப் படிந்தது. நான் வாய்க்காலுக்குள் கிடந்தேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, என்னை வர்ம ஆசானிடம் கொண்டுபோனார். ஆசான் என் முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு தோளையும் பின்னால் இழுத்து, உளுந்துமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பற்றுப் போட்டு, துணியால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். வலது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்.

"வெட்டித் தைக்க வேண்டாமா?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். தானே கூடும். நீ அனங்காம அசையாம கெட."

"ரெண்டு துண்டுக்கும் ஒண்ணையொண்ணு எப்படி ஆசானே அடையாளம் தெரியும்?"

"சும்மா கெடந்தா அதுக்குத் தெரியும். நீ கேள்வி கேட்டு அதக் கொழப்பாத."

வீட்டில் படுத்துக்கொண்டு இதையே யோசித்தேன். உள்ளே இரண்டு துண்டும் கண்ணைக் கட்டிவிட்ட பிள்ளைகள் போலத் தடவித் தேடுவதாகத் தோன்றும். (ஜில்லா சேருமா, சேராதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எனக்கு எலும்பு சேர்ந்தால் போதும்.)

சிக்கல் வேறு. பகவதியைப் பெண் பார்க்க முன்பே நாள் குறித்தாகிவிட்டது. சுசீந்திரம் தேரோட்டத்தில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தது முதல் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. தள்ளிப்போட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

"கை ஒடிஞ்ச மாப்பிள்ளைக்கு எவன்டே பொண்ணு குடுப்பான்? மூடிக் கொண்டு போவோம்," என்றார் மாமா.

மாமாவின் ஜிப்பாவுக்குள் என்னைப் போல இரண்டு பேர் இருக்கலாம். கட்டுப் போட்ட கை உள்ளே தங்க, காலியாகத் தொங்கிய வலது சட்டைக்கையின் நுனியை ஜிப்பாவின் பாக்கெட்டுக்குள் செருகி அம்மா ஊக்குக் குத்தினாள். கண்ணாடியில் பார்த்தால், பாக்கெட்டில் கைவிட்டு நிற்கும் பெரிய இடத்துப் பையன் மாதிரி இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பிடித்திருந்தது.

பெண் வீட்டு வாசலிலேயே அவள் அப்பா எங்களை மறித்தார். "மொதல்ல நம்ம சாஸ்தாவக் கும்பிட்டுட்டு வந்திருவோம் அண்ணாச்சி. பொண்ணும் அங்கதான் நிக்கா."

"கொள்ளாம்," என்றார் மாமா. சந்தோஷமாக நடந்தோம். கோயில் நடையில் மாமா வழக்கப்படி சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போகக் கூடாது. பிறந்தது முதல் தெரிந்த விஷயம். மூன்று பேர் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"அவனுக்குச் சளி," என்றார் மாமா.

"சளி புடிச்சவன சாஸ்தா கடிச்சா வைப்பாரு? கழத்துங்க மாப்பிள்ளை."

கழற்ற எனக்கு முடியாதே. அம்மா ஊக்கை எடுக்க, மாமா ஜிப்பாவை மேலே இழுக்க, தலை உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த இருட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தலை வெளியே வந்தபோது அவள் அப்பாவின் முகம் கறுத்திருந்தது. "ஒடிஞ்ச கையவே ஒளிச்சவங்க, இன்னும் என்னத்த எல்லாம் ஒளிச்சு வச்சிருக்காங்களோ. இது சரிவராது அண்ணாச்சி."

பகவதி டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவள் பார்வை என் முகத்தில் இல்லை, துணிக்கட்டின் மேல் இருந்தது.

"இது வெட்டாம தைக்காம கூடுமா?" என்று என்னிடமே கேட்டாள்.

"கூடுமாம். ஆசான் சொன்னாரு."

"ரெண்டு துண்டுக்கும் ஒண்ணையொண்ணு எப்படித் தெரியும்?"

உலகத்தில் அந்தச் சந்தேகம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். "சும்மா கெடந்தா கண்டுபிடிச்சிருமாம்," என்றேன்.

"பெறவு சும்மா கெடக்காம இங்க எதுக்கு வந்தீங்க?"

அவள் கேட்ட கேள்விக்கு அவள்தான் பதில் என்று சொல்லும் தைரியம் எனக்கு அப்போது கிடையாது. அவள் அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம். எலும்பு கூடட்டும். கூடுதான்னு எனக்குத் தெரியணும்."

அதற்குப் பிறகு நான் அனங்கவே இல்லை. ஈ உட்கார்ந்தாலும் ஊதித்தான் விரட்டினேன். கட்டுப் பிரித்த அன்று அவள் அப்பா ஆசான் வீட்டுக்கே வந்துவிட்டார். தேங்காய் பார்க்கிறவர் மாதிரி எலும்பைத் தட்டிப் பார்த்தார். "கூடியிருக்கு. ஒரு முடிச்சு மாதிரி நிக்கே?"

"அது அங்கனதான் நிக்கும். ஒட்டின எடம் தெரியாண்டாமா?" என்றார் ஆசான்.

கல்யாணம் முடிந்து தனியாக விட்டதும் பகவதி முதலில் கேட்டது அந்த முடிச்சைத்தான். விரல் வைத்துத் தடவிப் பார்த்து, "சவம், ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சிட்டே," என்று செல்லமாக வைதாள். எனக்கு ஜில்லாவே சேர்ந்தது மாதிரி இருந்தது.

வருஷங்கள் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சட்டையும் பேன்ட்டுமாக, பாக்கெட்டில் ஒரு கையை விட்டுக்கொண்டு ஸ்டைலாக வந்து இறங்கினான். பகவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர்களிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"காப்பி பெறவு குடிக்கலாம். மொதல்ல மாப்பிள்ளை சாஸ்தாவக் கும்பிட்டுட்டு வரட்டும்."