முறுக்கிய தகடும் ஆறிப்போன வெந்நீரும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொண்டது. இங்கே வெந்நீரைத் தவிர எல்லாரும் நலம். அங்கே உங்கள் நலமும் மகளின் நலமும் உங்கள் ஆய்வுக்கூடத்துக் குழாய்களின் நலமும் அறிய ஆவல்.

போன முறை வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னது நினைவிருக்கும். சூரிய வெந்நீர்ப் பெட்டியின் குழாய்க்குள் தண்ணீர் நேராகப் போனால், ஓரமாகப் போகிற தண்ணீர்தான் சூடேறும், நடுவில் போவது ஒன்றும் தெரியாத மாதிரி பச்சைத் தண்ணீராகவே போய்விடும். உள்ளே ஒரு முறுக்கிய தகட்டைச் செருகிவிட்டால் தண்ணீர் சுழன்று சுழன்று ஓடி, எல்லாச் சொட்டும் குழாயை உரசிச் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்றீர்கள். டம்ளரில் கரண்டியைச் சுழற்றியும் காட்டினீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன், சொன்னதை அப்படியே நம்புகிற ஜாதி. நீங்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் தகரக்கடையில் நின்றேன்.

தகடுகளை வெட்டி, நுனியைக் கதவிடுக்கில் வைத்து நானே முறுக்கினேன். தொலைபேசியில் நீங்கள் சொன்ன முன்னெச்சரிக்கைகளில் ஒன்றையும் விடவில்லை, அதை மட்டும் என்மேல் பழி போட முடியாது. வெல்டரை வரவழைத்துப் பெட்டியின் மேல்முனையைத் திறந்து, குழாய்க்கு ஒன்றாகச் செருகி, திரும்பப் பற்றவைத்தாயிற்று. எல்லாம் முடிந்ததென்று வெல்டர் நிம்மதியாக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் என் மூக்குக்கண்ணாடி இருந்தது. இன்றுவரை கண்ணாடிக்கடைக்காரர் "நாளைக்கு வாங்க சார்" என்கிறார். உங்கள் அத்தையின் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கைக்கெட்டிய தூரத்துக்கு அப்பால் எல்லாம் ஒரே புகை.

அன்றிலிருந்து குழாயில் ஜில்லென்று வருகிறது, மாப்பிள்ளை. வெயில் என்னவோ மண்டையைப் பிளக்கிறது. தினமும் காலையில் இரும்பு ஏணியில் ஏறி, நீளக் கம்பில் கட்டிய துடைப்பானால் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்கிறேன். முன்போல வழுக்கவில்லை, துடைப்பான் இழுபடுகிறது. அழுக்கு அப்பிவிட்டதோ என்று சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் பார்த்துவிட்டேன். ஊஹூம்.

பட்ட காலிலேயே படுகிற மாதிரி, நீங்கள் இருவரும் வாங்கிக் கொடுத்த கறுப்புக் கம்பளியையும் காணவில்லை. சலவைக்கடைக்காரர்தான் தொலைத்துவிட்டார் என்று உங்கள் அத்தை அவர் வாசலிலேயே நின்று சண்டை போட்டாள். அந்த மனிதர், "உங்க வீட்டுக் கம்பளி இந்தப் பக்கமே வரலம்மா" என்று சத்தியம் செய்தார். வீடு திரும்பியதும் மிச்சச் சண்டை எனக்கு.

"நல்லா இருந்ததக் கெடுத்து வச்சுட்டு தொடச்சுட்டு வேற வர்றீங்களா? ஞாயித்துக்கிழமை சம்பந்தியம்மா வராங்க. முட்டிவலிக்காரங்க. அவங்க குளிக்கிறதுக்கு வெந்நீர் வரலன்னு வைங்க, அந்தப் பெட்டிய எறக்கிட்டு கரண்ட் ஹீட்டர் மாட்டிடுவேன். ஏணியையும் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். அப்புறம் மாடிப் பக்கம் தலவச்சுக் கூடப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

செய்வாள், மாப்பிள்ளை. ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த மொட்டை மாடி ஒன்றுதான். கீழே எங்கே உட்கார்ந்தாலும் "காலத் தூக்குங்க, கூட்டணும்" என்கிறாள். மாடியும் போனால் எங்கே போய் நிற்பேன்? வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது. ஆகவே மரியாதையோடு கேட்டுக்கொள்வது: வெந்நீர் கெட்டதற்குக் காரணம் உங்கள் தகட்டுத் தத்துவம்தான், மாமா அல்ல என்று அத்தைக்கு உங்கள் கைப்பட எழுதி அனுப்பவும். குளிர்ந்த நீரில் குளிக்கப்போவது உங்கள் தாயார் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

மகளுக்கு என் ஆசிகள். இருவரும் நோய்நொடி இல்லாமல், கேட்ட நேரத்தில் வெந்நீர் கிடைத்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன். "கை வைக்கிறதுக்கு முன்னாடி கனமா எதையாவது போட்டுப் பெட்டிய மூடிடுங்க மாமா, இல்லன்னா சூடு பொசுக்கிடும்" என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? நீங்கள் சொன்னபடியே மூடியிருக்கிறேன், வேலை முடிந்ததும் எடுக்கத்தான் மறந்திருக்கிறேன். கனமான கறுப்புக் கம்பளி. சுருக்கமே இல்லாமல் நாலு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன், கறுப்புப் பெட்டிமேல் அது இருப்பதே தெரியவில்லை. உருவிப் போட்ட மத்தியானமே குழாயைத் திறந்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு ஓடினேன். இத்தனை சூடு இந்த வீடு பார்த்ததே இல்லை. தகடு பிரமாதம்! மேலே எழுதியதில் ஆசிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும்.

கம்பளியை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். ஊருக்குத் திரும்பும்போது உங்கள் துணிப்பெட்டியில் தவறி வந்துவிட்டதாக அத்தைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லவும். தினமும் சோப்புப் போட்டிருப்பதால் சுத்தமாகவே இருக்கும். நடுவில் மட்டும் வெயிலில் பழுப்பாகிவிட்டது. அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைக்கவும், ஆராய்ச்சி செய்கிறவர் நீங்கள்தானே.