ஒரு செம்புத் தண்ணீரும் பன்னிரண்டு வருஷமும்

மருதவாரி என்றொரு நாடு இருந்தது. எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். வரைய வந்தவர்கள் அதன் ஆற்றைத் தாண்டத் தெரியாமல் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். நாட்டை இரண்டாகப் பிரித்து ஓடிய அந்த ஆறு அகலமானதுதான். ஆனால் ஒரு குரல் கடக்க முடியாத அளவுக்கு அகலமில்லை. ஆளைப் பார்க்க வேண்டுமானால் பரிசல் ஏறினார்கள், பேச வேண்டுமானால் தொண்டையைத் திறந்தார்கள். பாலம் கட்ட வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அஞ்சுகம் மேலக்கரையில் வாத்து மேய்த்துவந்தாள். அவள் தங்கை பூரணியைக் கீழக்கரையில் கட்டிக்கொடுத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. இந்த முப்பது வருஷத்தில் இருவரும் கூப்பிட்டுப் பேசாத காலை ஒன்றுகூட இல்லை. பெரிய சங்கதி எதுவும் இருக்காது. வெண்டைச் செடியில் பூச்சி, மாமியாரின் முழங்கால், முந்தின நாள் கண்ட கனவில் வந்த யானை. இவர்கள் மட்டுமா? கரை முழுக்க அப்படித்தான். ஒருத்தி கேட்ட கேள்விக்கு அவள் தங்கை பதில் சொல்வதற்குள் நடுவில் பரிசல்காரர் பதில் சொல்லிவிடுவார். அடுத்தவர் வீட்டுச் சண்டைக்கு அக்கரையிலிருந்து தீர்ப்பு வரும். ரகசியம் என்று எதுவும் தங்காது. ஆனாலும் என்ன அழகான இரைச்சல் அது! இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அந்த இரைச்சலின் நடுவேதான் நன்மொழிப் பெருமான் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். "வீட்டுக்கு ஒரு குரல் தருவேன்" என்பது அவர் வாக்குறுதி. வீட்டுக்கு ஏழெட்டுக் குரல் ஏற்கெனவே வைத்திருந்த மக்கள், இது வேறு ஏதோ உயர்ந்த ரகக் குரலாக இருக்கும் என்று நம்பிக் கைதட்டினார்கள்.

வந்தது சேதிக்கயிறு. அரண்மனைக் கோபுரத்திலிருந்து வீட்டுக்கு வீடு இழுத்துக் கட்டும் முறுக்குக் கயிறு அது. நுனியில் பித்தளைக் குவளை ஒன்று தொங்கும். குவளையைக் காதில் வைத்தால் கோபுரம் பேசும், வாயில் வைத்தால் கோபுரம் கேட்கும். யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால், கோபுரத்தில் இருப்பவர்கள் அந்த வீட்டுக் கயிற்றோடு நம் கயிற்றை முடிந்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக தினமும் காலையில் ஒரு நாழிகை அரசரின் உரையைக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் பன்னிரண்டு வருஷம்.

ஆறு மாதத்தில் ஏழு வீட்டார் கயிறு கேட்டார்கள். அதில் நான்கு வீடு அமைச்சர்களுடையது. அவமானம் தாங்காமல் அரசவை கூடி முதல் ஆணையைப் பிறப்பித்தது: வாசலுக்கு வரும் கயிற்று ஊழியருக்குத் தண்ணீர் கொடுத்த வீடு, கயிற்றை மனமுவந்து ஏற்ற வீடாகக் கருதப்படும்.

மருதவாரியில் வெயிலில் ஒருவர் வாசலில் நின்றால் முதலில் செம்பு வரும், "நீங்க யாரு?" என்ற கேள்வி பிறகுதான் வரும். திருட வந்தவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெட்கப்பட்டு, வந்த வழியே போன வீடுகள்கூட உண்டு. அமைச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களும் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், நரைத்த மீசைக்காரர் ஒருவர் தோளில் கயிற்றுச் சுருளோடு அஞ்சுகத்தின் படலருகே வந்து நின்றார்.

"அடடா, இந்த வெயில்லயா வந்தீங்க? இந்தாங்கண்ணே, முதல்ல குடிங்க."

அவர் அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். முகம் கொஞ்சம் வாடியது. இடுப்பிலிருந்து ஓலையை எடுத்து எழுதினார்.

"நல்லா இருங்கம்மா. பன்னெண்டு வருஷம்."

"என்ன பன்னெண்டு வருஷம்?"

"நீங்க குடுத்தீங்க, நான் குடிச்சிட்டேன். இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

பொழுது சாய்வதற்குள் கூரையில் ஓட்டை போட்டுக் குவளையைத் தொங்கவிட்டுப் போனார். அதே வாரம் பூரணியும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துக் கயிறு வாங்கியிருந்தாள். கிடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அஞ்சுகம் நினைத்தாள். அரசர் பேசும்போது குவளையை வாத்துகளின் பக்கம் திருப்பி வைத்தாள். அவையும் பொறுமையாகவே கேட்டன.

ஆனால் இரண்டாம் ஆணை வந்தது. காற்றில் கூப்பிடுவதால் கயிறு அதிர்ந்து அரசரின் உரை கலங்குகிறதாம். ஆகவே கயிறு உள்ளவர்கள் கரையில் நின்று கூப்பிடக் கூடாது. ஒரு முறை கூப்பிட்டால் ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் கூடும். இரண்டு கரையிலும் தாழங்குடை பிடித்து எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். ஆறு ஓடும் சத்தத்தை மருதவாரி மக்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

அஞ்சுகம் குவளையில் வாய் வைத்துத் தங்கையைக் கேட்டாள். கோபுரம் விசாரித்தது: "உறவு?" தங்கை என்றாள். "பேச்சின் பொருள்?"

"பொருளா? சும்மாதாங்க."

"சும்மா பேசுவோருக்கு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை."

அந்த வியாழக்கிழமைகளிலும் குவளையில் வந்தது பூரணியின் குரல்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கயிற்றில் வரும்போது எல்லார் குரலும் ஒன்றுபோலத் தகரமாக ஒலித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்பதுகூடத் தெரியவில்லை. காலையில் கரைக்குப் போய் அக்கரையில் புள்ளியாகத் தெரியும் தங்கை துணி துவைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கண்ணுக்கு எதிரே இருப்பவளுக்காக இப்படி ஏங்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டரை வருஷத்துக்கு மேல் பொறுத்தாள். பிறகு கயிறு வேண்டாம் என்று சொல்லத் துணிந்தாள். அதையும் கயிற்றின் வழியாகத்தான் சொல்ல வேண்டுமாம். "உங்கள் குரல் அரசருக்கு மிகவும் பிரியமானது. காத்திருங்கள்" என்றது குவளை. நான்கு மாதம் காத்திருந்தாள். பிரியம் குறையவே இல்லை. வாத்துகளை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கொட்டும் மழையில் மூன்று நாள் நடந்து கோபுரத்துக்கே போய்ச் சேர்ந்தாள்.

விலக்கல் துறையின் தலைவர் பேரின்பநாதர், தம்மைத் தேடி ஓர் ஆள் வந்ததைப் பார்த்துத் திகைத்து எழுந்தே நின்றுவிட்டார்.

"கயிறு வேண்டாங்கய்யா."

"பிறகு ஏன் கேட்டு வாங்கினீர்கள், அம்மையே?"

"கேக்கலையே! தண்ணி குடுத்தேன்."

"அது கேட்பதைவிட உயர்வானது. கேட்பவர் மனம் மாறலாம். கொடுத்தவர் மனம் மாறாது. நம் பண்பாடு அப்படி. அரசர் இதைப் பற்றி மூன்று முறை உரையாற்றியிருக்கிறாரே, கேட்கவில்லையா?"

"வாத்து கேட்டுச்சு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தின் பதினெட்டாம் பத்தியின்படி, கயிறு உள்ள வீடு அரசருக்கு வாக்களித்த வீடு. தேர்தல் என்ற சிரமத்தை மக்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கிறோம். இப்போது நீங்கள் கயிறு வேண்டாம் என்கிறீர்களா, அரசர் வேண்டாம் என்கிறீர்களா?"

"ரெண்டையுமே நான் கேக்கலைங்கய்யா. என் தங்கச்சியோட பேசணும், அவ்வளவுதான்."

பேரின்பநாதர் இரக்கமற்றவர் அல்லர். நெடுநேரம் சுவடிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். நெருங்கிய உறவு ஒருவர் சம்மதித்தால் விலகலாம். உடனே கீழக்கரைக்குக் கயிற்றை முடிந்து, "உங்கள் அக்காள் ஒப்பந்தத்திலிருந்து விலக நீங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் குவளை அலறியது: "சம்மதம்! சம்மதம்!"

அவர் முத்திரை குத்தி ஓலையை நீட்டினார். "வாழ்த்துகள். உங்களுக்கு மீதமிருந்த ஒன்பது வருஷம் உங்கள் தங்கைக்கு மாற்றப்பட்டது. அவருடைய ஒன்பதோடு சேர்த்து அவருக்கு இனிப் பதினெட்டு."

அஞ்சுகம் ஓலையைத் திருப்பி நீட்டினாள். "ஐயோ, வேண்டாங்கய்யா! அவளுக்கு இது தெரியாதே! பழையபடி எனக்கே எழுதிடுங்க!"

"நீங்கள் இப்போது ஒப்பந்தத்தில் இல்லை, அம்மையே. ஒப்பந்தத்தில் இல்லாதவர்களோடு பேச எனக்கு அதிகாரமில்லை" என்று சொல்லி, மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் மழை. தொண்டை கட்டி, காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தாள். கயிறு போயிருந்தது, கூரையில் ஓட்டை மட்டும் இருந்தது. மறுநாள் கரைக்குப் போனாள். எழுத்தர் ஓலையைப் படித்துவிட்டு, "நீங்க தாராளமா கூப்பிடலாம்மா. அவங்கதான் பதில் சொல்லக் கூடாது" என்றார்.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பூரணி சும்மா இருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியாதா? ஆசைப்பட்டு வாங்கிய விடுதலையை மடியில் முடிந்துகொண்டு மூன்று காலை ஊமையாக நின்றாள். நாலாம் நாள் அக்கரைப் புள்ளி துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தது.

"அக்கா!"

கீழக்கரை எழுத்தர் எழுதினார். பத்தொன்பது.

"பேசாதடி! எழுதுறாங்க! என் வருஷத்தையும் உன் தலையில கட்டிட்டாங்கடி!"

"தெரியும்க்கா! ஓலை வந்துச்சு!" இருபது.

"தெரிஞ்சுமா கூப்பிடுற?"

"பின்னே? பதினெட்டு வருஷம் உன்னைப் பார்த்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருக்கவா?" இருபத்தொன்று.

துறையில் நின்ற பரிசல்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அதானே!" என்று குரல் கொடுத்தார். அவருக்கு ஒரு வருஷம். மேலே வண்ணார் படித்துறையிலிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கீழே வெற்றிலைத் தோட்டத்திலிருந்து பதில் வந்தது. உச்சிப்பொழுதுக்குள் இரண்டு கரையிலும் ஓலை தீர்ந்துபோனது. எழுத்தர்கள் தாழங்குடையின் மடலைக் கிழித்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கீழக்கரை எழுத்தர் எழுந்து நின்று அறிவித்தார்: "அம்மா, உங்களுக்கு இப்போ நூத்தி நாப்பது வருஷம் ஆயிடுச்சு!"

"அப்படியா? அத்தனை வருஷமும் உங்க அரசர் இருந்து பேசுவாராங்க?"

எழுத்தர் ஒப்பந்தத்தை எடுத்துப் பதினெட்டாம் பத்தியைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபுரம் இருந்த திசையை, அது அங்கே இருக்கிறதா என்று சரிபார்ப்பவர்போல, ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"பூரணி, போதும்டி! இன்னும் எழுதுறாரு பாரு!"

"எழுதிட்டுப் போகட்டும்க்கா, விடு. உன் குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு? மழையில நனைஞ்சியா?"

மூன்று வருஷமாக எந்தக் குவளையும் கேட்காத கேள்வி அது. அஞ்சுகத்துக்கு அழுகை பீறிட்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள், பொத்திய கையை எடுத்துவிட்டு, கட்டிப்போன தொண்டையால் ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "ஆமாடி, நனைஞ்சிட்டேன்!"