எரியாத லேசருக்கு எண்பது மில்லிவாட்

எரியாத லேசரின் வலுவை அளந்து காட்டி, அதற்குக் கைதட்டலும் வாங்கிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் வைக்கலாம். எனக்கும் பேச்சுத் துணையாக இருக்கும்.)

அப்போது நான் அலுவிகாரையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை. பழுதான டிவிடி ரைட்டர் ஒன்றைப் பிரித்து அதிலிருந்த சிவப்பு லேசரை எடுத்து வைத்திருந்தேன். யுத்த காலம். தமிழ்ப் பையன் ஒருவனின் ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் அடித்தால் ஊர் என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஜன்னலுக்குப் போர்வை, கதவுக்குத் தாழ்ப்பாள். யாரையும் உள்ளே விடமாட்டேன். உண்மையைச் சொன்னால், வருவதற்கும் யாரும் இருக்கவில்லை.

லேசர் இருந்தால் அதன் வலு எவ்வளவு என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதை அளக்கும் மீட்டர் வெளிநாட்டில்தான் விற்றது. என் சம்பளத்துக்கு அதன் வெறும் பெட்டிகூடக் கிடைக்காது. எனவே நானே செய்தேன். காரில் வைக்கும் சின்னக் குளிர்பெட்டிக்குள் ஒரு சதுரத் தட்டு இருக்கும். அதன் ஒரு பக்கம் சூடானால் துளி மின்சாரம் வரும். அந்தப் பக்கத்துக்கு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பின் கரியைப் பிடித்து, வயரை மல்டிமீட்டரில் கொடுத்தேன். லேசர் அடிக்காதபோது பூச்சியம் காட்ட வேண்டும் என்று, அதற்குப் பூட்டிய திருகை ஒரு மாதம் திருப்பித் திருப்பிப் பார்த்து, அசையாமல் பசை போட்டு ஒட்டினேன். லேசரை அடித்தால் அறுபது மில்லிவாட்!

தேயிலைத் தோட்டத்திலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அது கெடக்கட்டும், சாப்பிட்டியா?" என்றார்.

வீட்டுக்கார அம்மாவின் மகள் ஜெசிந்தா டவுனில் விஞ்ஞான டீச்சர். ஒருநாள் கிணற்றடியில் என்னை மறித்தாள். "கதவப் பூட்டிக்கிட்டு உள்ளுக்கு என்னதான் செய்றீங்க?"

சொன்னேன். கண் விரியக் கேட்டாள். "எங்க ஸ்கூல் கண்காட்சிக்குக் கொண்டுவாங்களேன். புள்ளைங்க பார்க்கட்டும்."

அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. புதுச் சட்டை வாங்கினேன். இந்த ஒரு நாள் சரியாகப் போய்விட்டால் எனக்கும் நாலு பேர் இருப்பார்கள் என்று நம்பினேன். அந்த நாலு பேரில் முதல் ஆள் யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சியன்று ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் பை மேசையில் கொட்டப்பட்டது. ஸ்கூல், பிள்ளைகள், விஞ்ஞானம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் உளறினேன். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த அள்ளலில் லேசரின் வயர் ஒன்று கழன்றுவிட்டது. அது எனக்குத் தெரியாது.

வகுப்பறை நிறையப் பிள்ளைகள். கண்ணுக்குப் பாதுகாப்பு என்று, பலாபத்வல வெல்டிங் கடையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். (அதைப் போட்டால் சூரியனே தெரியாது, மீட்டர் எங்கே தெரியப் போகிறது?) சுவிட்சைத் தட்டிவிட்டு, "கிட்ட வந்து எண்ணை வாசிங்க!" என்றேன்.

மொய்த்துக்கொண்டார்கள். "இருவது! முப்பத்தஞ்சு! அம்பது!"

"இன்னும் கிட்ட வாங்க!"

"எழுவது! எம்பது!" ஸ்கூல் அதிபர் கைதட்டினார். வகுப்பே கைதட்டியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை எனக்காக யாரும் எழுப்பியதில்லை. இருட்டுக் கண்ணாடிக்குள் என் கண் கலங்கிவிட்டது.

ஜெசிந்தா என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, லைட்டு எரியவே இல்லையே."

(அந்த 'அண்ணா'வையும் அன்றுதான் முதலில் கேட்டேன்.)

அதிபர் கைதட்டலை நிறுத்தினார். "அப்ப இது எதைத் தம்பி அளக்குது?"

"எங்களத்தான் சார்!" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி. தன் உள்ளங்கையைக் கரித் தட்டுக்கு மேலே பிடித்துக் காட்டினாள். எண் தொண்ணூறுக்குத் தாவியது. அதன்பிறகு எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் ஆடியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் புரிந்தது. மனிதர்களின் உடம்புச் சூட்டுக்கும் மூச்சுக்கும் அந்தத் தட்டு ஏறும். என் அறையில் ஒருநாளும் ஏறாததற்குக் காரணம், அங்கே என்னைத் தவிர யாரும் வராததுதான். என் சூட்டையும் சேர்த்துத்தான் நான் பூச்சியம் வைத்திருந்தேன். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதேன், வெட்கத்துக்கு மட்டுமல்ல.

ஜெசிந்தா நாவுலவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் இன்னும் அதே பின்னறையில்தான் இருக்கிறேன். இப்போது மலிவான மீட்டர்கள் தபாலிலேயே வருகின்றன, நான் வாங்கவில்லை. சோற்று நேரத்தில் நான் முன்வீட்டுக்குப் போனால் வீட்டுக்கார அம்மா இன்றும், "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, மீட்டர் ஏறிடப் போகுது" என்பார்.

லீவு நாட்களில் ஜெசிந்தாவின் பிள்ளைகள் வந்தால் நேராக என் அறைக்குத்தான் ஓடிவருவார்கள். தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஊதி ஊதி எண்ணை ஏற்றுவார்கள். போன தடவை சின்னவள் கேட்டாள். "மாமா, நீங்க மட்டும் இருந்தா எவ்வளவு காட்டும்?"

"பூச்சியம்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்து, ஓடிப்போய் வீடு முழுக்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவர்கள் நாவுல பஸ் ஏறிய பிறகு வந்து பார்த்தேன். மீட்டரை அணைக்க மறந்திருந்தோம். நான் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். அது பூச்சியம் காட்டியது.