ராஜா பங்களாச் சிங்கமும் என் சுங்குடிச் சேலையும்

என்னைப் பெருமை பிடித்தவள் என்பார்கள். பொய்யில்லை. செம்பட்டிப் பக்கம் என்னைப்போல வெளுப்பாகத் துணி துவைக்கிறவள் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்தப் பெருமைதான் கொடைக்கானலில் என் மூஞ்சியில் கரியைப் பூசியது.

ஊருக்கு ஒரு ரேடியோ இருந்த காலம். எங்கள் வீட்டுக்காரர் வாடகை வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தார். கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு ராஜா பங்களா. பங்களா என்று பேர்தான், அரண்மனையேதான். கோடைக்கு ராஜா வீட்டார் வரும்போது காய் போட ஆள் வேண்டுமென்று அங்கிருந்த மேனேஜர் சொல்லியனுப்பினார். அது அமைந்தால் சொந்த வேன் வாங்கிவிடலாம் என்று இவருக்கு ஆசை. கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஒரு கூடை அடுக்கினார். அப்படியே ஏரியும் அரண்மனையும் பார்த்து, ரெண்டு நாள் வேனிலேயே தங்கி வரலாம் என்று எங்களையும் கூப்பிட்டார்.

சமுக்காளம், மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, புளி, சட்டி பானை எல்லாம் ஏறின. வீட்டுக்குச் சக்கரம் கட்டினாற்போல. நானும் நாத்தனார் செல்லாயியும் பின்னால் உட்கார்ந்தோம். நான் கட்டியிருந்தது புதுச் சுங்குடி, ரத்தச் சிவப்பு. (ராஜா வீட்டுக்கல்லவா போகிறோம்!)

மலை வளைவில் குடலைப் புரட்டியது. ஏரிக்கரை சேர்வதற்குள் சேலையெல்லாம் வாந்தி. வேனைப் பங்களா வாசலில் நிறுத்திவிட்டு, செத்த நேரம் இங்கனயே இருங்கள் என்று சொல்லி அவர் கூடையோடு உள்ளே போனார். மாற்றுச் சேலை ஒன்று இருந்தது, நைந்த பழசு. அதோடு அரண்மனைக்குள் நுழைவதா? அதை உடம்பில் சுற்றிக்கொண்டு ஏரியில் இறங்கிப் புதுசைக் கல்லில் அடித்துத் துவைத்தேன். படகில் போனவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். (என் கைவாகை மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.) புதுச் சுங்குடியை முதலில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடணும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு மட்டும் தெரியவில்லை.

எங்கள் ஊர் வெயிலில் வெற்றிலை மென்று துப்புவதற்குள் சேலை காய்ந்துவிடும். பங்களா வாசலில் பக்கத்துக்கொன்றாக ரெண்டு வெள்ளைக்கல் சிங்கம். தோதாக இருந்தது.

"வேணாம் மதினி, பெரிய எடம்" என்றாள் செல்லாயி.

"சிங்கம் கடிச்சிருமாக்கும்? அந்த முனையப் பிடிடீ."

ஒரு தலைப்பை இந்தச் சிங்கத்தின் தலையிலும் மறு தலைப்பை அந்தச் சிங்கத்தின் தலையிலும் கட்டினோம். வெயில் வரவில்லை. மேகம்தான் வந்தது. சேலை காய்வதற்குப் பதில் இன்னும் நனைந்து சொட்டியது. சாயம் சிங்கத்தின் நெற்றியில் இறங்கி, வாய்வழியாகத் தாடைக்கு வழிந்தது. அப்போதுதான் ஆட்டைத் தின்று முடித்த மாதிரி ரெண்டும் உட்கார்ந்திருந்தன.

அந்நேரம் பார்த்து மேனேஜரும் இவரும் வெளியே வந்தார்கள். இவர் முகமெல்லாம் சிரிப்பு. காரியம் பழம் என்று தெரிந்தது. மேனேஜர் பேசிக்கொண்டே வந்து ஈரச்சேலையில் முட்டினார். வெள்ளைச் சட்டையில் சிவப்பு.

"யாரு சேலை இது?"

இவர் சிங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் சம்சாரத்துதுங்க" என்றார்.

நானாவது வாயை மூடியிருக்கலாம். "காஞ்சதும் எடுத்துக்கிர்றேங்கய்யா" என்றேன்.

"இங்க காய மூணு நாளாகும்மா. ராஜா நாளைக்கு வாரார்."

குழம்புக்குக் கொண்டுபோன புளியைப் போட்டு மூன்று பேரும் சிங்கத்தைத் தேய்த்தோம். சிவப்பு ரோசாவாச்சு, அதற்குமேல் போகவில்லை. அரண்மனைக்குள் நான் கால் வைக்கவே இல்லை. காய் போடுகிற பேச்சும் அதோடு போச்சு.

பின்னாளில் என் மகளுக்குப் பெரிய வீட்டு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் இவர் கேட்ட முதல் கேள்வி: "ஒங்க வீட்ல துணி காயப்போட எடம் இருக்குங்களா?" இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசினால் யாராவது ஒருத்தர் அதைக் கேட்டுவிடுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தடவித் தடவி அடுக்கிய அந்தக் கூடையை, ஒரு வார்த்தை ஏசாமல் அவரே தூக்கித் திரும்ப வேனில் வைத்தது என் கண்ணுக்குள் நிற்கும். அதனால் மற்றவர்களுக்கு முன்னாலேயே என் சிரிப்பு நின்றுவிடும்.