லொக்கேஷன் சரியில்லாத கட்டடம்

சேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை, புதுச்சேரி

பாரீசிலிருக்கும் அன்புத் தங்கச்சி ரோசாவுக்கு அண்ணன் பிரான்சுவா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணியும் மருமகள் மெரினும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் லினெட்டும் சுகமாயிருக்க மாதா துணை செய்யட்டும்.

நிற்க. நம் இருவர் பேரிலும் உள்ள சந்துக் கட்டடம் பத்து மாதமாகக் காலி. ஜனங்கள் துணியை போனிலேயே வாங்குகிறார்கள் என்று ஜவுளிக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார். உன் பாதி வாடகையில்தான் லினெட் படிக்கிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. புரோக்கர் இளஞ்செழியன் கூட்டிவருகிற பார்ட்டியெல்லாம் "லொக்கேஷன் சரியில்ல" என்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவனுக்குத் தெரியாதா, லொக்காசியோன் என்றால் வாடகை! அறுபதாயிரத்தை ஐம்பதாக்கினேன். வங்கிக்காரர் வந்தார், அதே பேச்சு, நாற்பது. ஜிம் வைக்கிறவர் வந்தார்; முப்பது. புரோக்கர் தலையில அடிச்சிக்கிறான். "முசே, நான் லொக்கேஷன சொல்றேன், நீங்க இன்னாத்துக்கு வாடகைய கொறைக்கிறீங்க?" "ரெண்டும் ஒண்ணுதானேப்பா!" அவனுக்கு பிரெஞ்சு தெரியாது, பாவம்.

போன வாரம் பூர்ணிமான்னு ஒரு கம்பெனிப் பொண்ணு போன் பண்ணிச்சி. கடைதான் வைக்கிறாங்களாம், ஆனா வாங்கறவங்க யாரும் உள்ள வரக்கூடாதாம். போன்ல கேக்கற சாமான பத்து நிமிஷத்துல பைக்ல அனுப்புவாங்களாம். பேரு டார்க் ஸ்டோர். இருட்டுல ஏம்மா வியாபாரம், லைட்டெல்லாம் நல்லா எரியுதேன்னேன். சிரிச்சிட்டு, "அங்கிள், வாட்சப்ல லொக்கேஷன் அனுப்புங்க"ன்னுச்சி. முப்பதுன்னு அனுப்பினேன். "அது இல்ல அங்கிள், லொக்கேஷன்." இருபத்தஞ்சு. "லொக்கேஷன் ப்ளீஸ்." இருபதுன்னேன். அப்புறம், "இந்த வாடகைக்கு எந்த சந்து பொந்தா இருந்தாலும் ஓகே"ன்னு ஒன்பது வருஷ ஒப்பந்தத்த அனுப்பிடுச்சி. நான் போட்டுட்டேன். உள்ளே வைத்திருக்கும் தாளில் நீயும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். லினெட்டின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பிரான்சுவா

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் மெரின் வாசித்துவிட்டாள். இங்கிலீஷில் லொக்கேஷன் என்றால் இடமாம்! அவளே பூர்ணிமாவுக்கு மேப்பை அனுப்பினாள். அந்தப் பொண்ணு, "கூட்டமில்லாத சந்து, பைக் நிறுத்த சூப்பர் அங்கிள்! எவ்ளோ கேட்டிருந்தாலும் குடுத்திருப்போம்" என்று பதில் போட்டிருக்கிறது. நீ கையெழுத்துப் போடாதவரை ஒப்பந்தம் செல்லாதாம். போட்டுத் தொலைக்காதே. நீயே அதோடு பேசு. உங்க அண்ணன் ஏன் இப்படி பண்ணாருன்னு கேட்டா, புத்தி பிசகிடுச்சின்னு சொல்லிடு. அதுக்கு எந்த பாஷையிலும் ஒரே அர்த்தம்தான்.