‘உண்மைவிளம்பி’ யார்?

மகாவீரர்கள் எத்தனையோ சபதம் செய்திருக்கிறார்கள். நம்மவர் செய்தது சின்ன சபதம்தான்: குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவியிலிருந்து மனைவியை இறக்கிவிட வேண்டும். அவள் பதவியேற்ற நாளிலிருந்து அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயே போய்விட்டது. லிஃப்ட் நின்றவர், குழாய் ஒழுகுகிறவர் எல்லாரும் ஆறு மணிக்கே வாசலில் ஆஜர்.

நேரில் சொல்லலாம்தான். அதற்குத் தைரியம் வேண்டுமே! ஆகவே ‘உண்மைவிளம்பி’ என்று புதிதாக ஒரு மெயில் முகவரி தொடங்கி, “செயலாளர் அம்மையாரே, உடனே விலகுங்கள். இல்லையேல் குடியிருப்பே பொங்கி எழும்” என்று தட்டிவிட்டார்.

மறுநாள் காலை, அதே கடிதத்தை அவள் போனில் அவர் முன்னால் நீட்டினாள்.

“ஏங்க, மெயில் முகவரியை வச்சு ஆளை உறுதிப்படுத்துறதுதானே ஆபீஸ்ல உங்க வேலை? இது யாருன்னு சொல்லுங்க.”

உண்மைதான். இன்ஷூரன்ஸுக்கு விண்ணப்பிக்கிறவர் அசலா, போலியா என்று பார்த்தே இருபது வருஷம் பிழைப்பு ஓட்டிவிட்டார்.

“ப்பூ, இவ்வளவுதானா?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பேரைப் பாரு. படிச்சவன். பொங்கி எழும்ங்கிறான். தேர்தல்ல தோத்தவன்.”

“தோத்தது மேல்வீட்டுப் பல் டாக்டர் ஒருத்தர்தானே?”

“நான் சொல்லலை. நீ சொல்றே!”

“தங்கமான மனுஷனாச்சே. வலிச்ச உங்க பல்லைக்கூடப் பார்த்தாரே.”

“தங்கத்துலதான் கலப்படம் அதிகம்.”

“நிச்சயமா அவர்தானா?”

“இருபது வருஷத்துல நான் தப்புப் பண்ணதே இல்லை.”

“அப்ப எழுதிக் கொடுங்க. கையெழுத்தோட.”

பேனா கொஞ்சம் தயங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கண்முன் நின்று வா வா என்றது. ‘இது மேல்வீட்டுப் பல் டாக்டர் எழுதியதே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார், பழக்கதோஷம்.

அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை தோறும் காலைல அஞ்சு மணிக்குத் தண்ணித் தொட்டி கழுவுறாங்க. கூட நின்னு பார்க்க ஆளில்லை. குறை சொன்னவரையே போட்டுடலாம்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம்.”

“பலே! டாக்டருக்கு நல்லா வேணும்!” அவருக்கு வயிறு குளிர்ந்தது.

“டாக்டர் எதுக்கு? புது முகவரி தொடங்குறப்ப, பாதுகாப்புக்கு இன்னொரு முகவரி கேட்டுச்சா?”

“கேட்டுச்சு...”

“வீட்டுக்குப் பொதுவா இருக்கிற முகவரியைக் கொடுத்தீங்க. அதைத் தினமும் திறந்து பார்க்கிறது யாரு?”

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கடவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்தது.

“‘உண்மைவிளம்பி உங்களுக்குத் தெரிந்தவர்தானா?’ன்னு நேத்தே கேட்டு மெயில் வந்துச்சு. பதினாறு வருஷமாத் தெரியும்னு உறுதிப்படுத்திட்டேன்.”

“அந்தத் தாளைக் கொடு!”

“கொடுக்கிறேன். உங்ககிட்டயா, டாக்டர்கிட்டயா? செவ்வாய்க்கிழமை உங்க கடவாய்ப்பல்லைப் பிடுங்கப்போறது அவர்தான். யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தார்.