மொட்டை மாடி மங்கல்தேடி

தொலைநோக்கியால் வானம் பார்ப்பவர்களில் மங்கல்தேடிகள் என்றொரு இனம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற எதையும் மதிக்காத இனம். நிலவா? அது சின்னப்பிள்ளைகளுக்கு. சனியின் வளையமா? கலியாண வீட்டு ஐஸ்கிரீம் மாதிரி, வந்தவனுக்கெல்லாம் கிடைப்பது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஆறு மாடிக் கட்டடமொன்றில் குடியிருக்கும் அலவி இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. லிப்டுக்குள் அடங்காத தொலைநோக்கியைப் படியால் சுமந்து மொட்டை மாடியில் நிறுத்தி, காலி வீதியின் வெளிச்சத்தையும் கடற்காற்றின் ஈரத்தையும் பக்கத்துக் கட்டடத்தின் விளம்பர விளக்கையும் பொருட்படுத்தாமல், லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்தாகத் திரண்டும் தூரத்தால் வெறும் திட்டாகத் தேய்ந்துபோன கோளக் கொத்துகளில், பெயர்கூட இல்லாமல் இலக்கம் மட்டும் உள்ளவற்றைத் தேடுவார். அகப்பட்டதும் கட்டடத்தையே அழைப்பார்.

"நேரா பார்க்க வேணாம். ஓரக்கண்ணால பாருங்க, மங்கல் அதுலதான் பிடிபடும். தெரியுதா?"

யார் இல்லையென்பது? கண்ணில் குறை, அல்லது படிப்பில் குறை என்றாகிவிடாதா? நாலாம் மாடி றொபேட் தெரிகிறது என்பார். அலவியின் மனைவி பலீலா பதினொரு வருடமாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போவார். சாட்சிகளின் பெயர்களை அலவி கொப்பியில் எழுதிக்கொள்வார். அப்படிச் சேர்ந்தவை நாற்பத்திரண்டு கொத்துகள்.

போன மார்ச்சில் மூன்றாம் மாடிக்கு மாக்ரெட் டீச்சர் குடிவந்தார். ஒருநாள் இரவு ஏறிவந்து, குனிந்து, நிதானமாகப் பார்த்தார். ஓரக்கண்ணாலும் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்ல, அலவி."

இருட்டுக்குக் கண் பழக அரைமணி வேண்டும் என்றார் அலவி. டீச்சர் அரைமணி இருந்தார். அப்போதும் அதே பதில். உதவிக்கு வந்த றொபேட், திட்டு வலப்பக்கம் இருப்பதாகச் சொன்னார். அலவி கண்டதோ இடப்பக்கம்.

தேநீர்த் தட்டோடு நின்ற பலீலா மெல்லச் சொன்னார். "எனக்கும் ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதால ஓம் எண்டு சொன்னேன்."

அலவி கொப்பியைத் திறந்து மனைவியின் பெயரை ஒவ்வொரு பக்கமாக வெட்டினார். நாற்பத்திரண்டு இடம். எல்லாரும் இறங்கிப்போன பிறகு, விளக்கம் சொல்ல ஆளில்லாமல், தனியாகக் கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றுமில்லை.

நாற்பத்துமூன்றாவதாக எழுதினார்: "தெரிந்தது. மிக மங்கலாக."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், போன கிழமை உங்கள் மகளின் வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "மூக்கு அப்படியே என்ர மூக்கு" என்று சொன்னவர் யார்?